பூதத்துக்குக் குடை பிடித்தவர்

தன் மண்டைக்கு வெயில், ரப்பருக்குக் குடை என்று வாழ்ந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரும் எங்கள் போடிநாயக்கனூரில்தான் இருந்தார். வேறு எந்த ஊராவது உரிமை கொண்டாடினால் நான் சண்டைக்கு வருவேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. மூஞ்சிக்காரர் வீடு எது என்று கேட்டால் பஸ்சிலிருந்து இறங்கிய புது ஆளுக்குக்கூட வழி காட்டிவிடுவார்கள். நான் ஒருநாள் துணிந்து, "அண்ணே, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். மனிதர் நிஜமாகவே யோசித்தார். "ஒண்ணு இருந்துச்சப்பு. யாரும் கூப்பிடாம மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கடையில் வேலை பார்த்தேன். கடிதம் எழுதுவது, மூட்டைகளை ரயிலுக்கு அனுப்புவது, முதலாளி சத்தம் போடும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்பது, இந்த மூன்றும் என் வேலை. மூன்றாவதில் நான் கெட்டிக்காரன். மூஞ்சிக்காரர் வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வந்து மூட்டைகளின் மேல் எங்கள் கடையின் அடையாளத்தைக் கறுப்பு மையில் எழுதுவார். அது வயிற்றுப்பாட்டுக்கு. மிச்ச ஐந்து நாளும் முகமூடி செய்வார். அது எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

எங்கள் பக்கம் புரட்டாசியில் அம்மன் கோயில் பொங்கல் வரும். நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் போட்டு ஆடுவார்கள். காய்ச்சல் விட்டவன் புலியாவான், வழக்கு ஜெயித்தவன் பேயாவான், காணாமல்போன மாடு திரும்பக் கிடைத்தவன் குரங்காவான். எல்லாம் உச்சி வெயிலில். அதுவரை முகமூடி என்றால் காகிதக் கூழும் பசையும்தான். ஆடுகிறவனுக்கு வேர்க்கும், வேர்த்தால் கூழ் ஊறும். முதல் தெருவில் புலியாகக் கிளம்பினவன் மூன்றாம் தெருவில் பூனையாகி, கோயில் வாசலுக்கு வரும்போது வெறும் மாரிமுத்துவாக நிற்பான்.

இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோன மூஞ்சிக்காரருக்கு ஒருநாள் ரப்பர் ஞாபகம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் அவருடைய மச்சினன் பால் வெட்டிக்கொண்டிருந்தான். ரப்பர் பாலை மண் அச்சில் பூசிப் பூசிக் காயவைத்தால் முகத்தோடு ஒட்டுகிற முகமூடி கிடைக்கும், வேர்வை அதை ஒன்றும் செய்யாது என்பது அவர் கணக்கு. உடனே போய் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையப் பால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பால் உறையாமல் இருக்க எஸ்டேட்டில் ஏதோ ஒரு மருந்து கலப்பார்கள். மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டும். போடிமெட்டு இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் டின் சாய்ந்து மூடி கழன்றுவிட்டது. பஸ் முந்தல் சோதனைச்சாவடிக்கு வந்து நிற்கும்போது டிரைவர் உட்பட அத்தனை பேரும் முந்தானையாலும் துண்டாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காவலர் ஏறிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யாருய்யா தவறிப்போனது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒருத்தரும் தவறலீங்க. பூதம் பெறக்கப் போகுது" என்றார் மூஞ்சிக்காரர், டின்னை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் பிறந்தது பேய். கோரைப்பல், பிதுங்கிய கண், காது வரை கிழிந்த வாய். காதைப் பிடித்து இழுத்தால் ஒரு முழம் வரும், விட்டால் 'சடக்' என்று பழைய இடத்துக்கே போகும். ஊரே வந்து இழுத்துப் பார்த்தது. பெருமை தாங்காமல் மனிதர் அதை வாசலில் முருங்கை மரத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைத்தார். வெயில் விடுமா? பதினைந்தே நாளில் நிறம் கறுத்து, கன்னம் வெடித்து, காதைத் தொட்டால் காது கையோடு வந்தது. மூஞ்சிக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கினார்.

அன்றிலிருந்து அந்தக் குடை அவருடைய மூன்றாவது கை ஆகிவிட்டது. புதிதாகச் செய்த முகங்களை ஈரச் சாக்கில் சுற்றி இடது கையில் அணைத்துக்கொள்வார். வலது கையில் குடை. குடையின் நிழல் ஒரு விரற்கடை பிசகாமல் சாக்கின் மேல் விழும். அவருடைய வழுக்கைத் தலை மட்டும் வெயிலில் வெந்து பளபளக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சேட்டன் தினமும் கேட்பார்.

"எந்தா மூஞ்சிக்காரரே, சாக்குக்குக் குடை, தலைக்கு வெயிலா?"

"நான் என்ன ரப்பரா சேட்டா, வெடிப்பு விட?"

தினமும் இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் ஒருநாளும் அலுத்ததில்லை.

ரப்பர் முகங்கள் முதன்முதலாகக் கோயிலுக்குக் கிளம்பிய வருஷத்தை எங்கள் ஊர் மறக்காது. இரண்டு பேய், ஒரு புலி, ஒரு குரங்கு. நான்கும் ஆடுகின்றன, நான்குக்கும் பக்கத்தில் ஆள் போட்டுக் குடை பிடிக்கச் செய்திருக்கிறார் இவர். பேய் இடது பக்கம் துள்ளினால் குடையும் துள்ளுகிறது. பயந்து அலற வேண்டிய பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. கோயில் பூசாரிக்குத்தான் வந்ததே கோபம்.

"ஏப்பா, ஆத்தாளுக்கே ஒரு கொடைதான். ஒன் பேய், புலிக்கு நாலு கொடையா?"

"ஆத்தா வெங்கலம், சாமி. தாங்கிக்கிருவா. இதுக தாங்காதுக" என்றார் மூஞ்சிக்காரர். பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது எங்கள் முதலாளிக்கு வருகிறேன். நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் சொந்தத் தம்பி என்றும் பார்க்கமாட்டார். அவருடைய அகராதியில் ஒரே ஒரு மகா பாவம்தான் உண்டு, அது வெயில். ஏலக்காய் வியாபாரத்தில் பச்சை நிறம்தான் உயிர். பறித்த காயை வெயிலில் போட்டால் வெளுத்துப்போகும், ஒருவரும் சீந்தமாட்டார்கள். அதனால்தான் மலையில் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் காய் உலர்த்துவதற்கென்று ஜன்னலே இல்லாத இருட்டறை இருக்கும். ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பு எரியும், அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும், கம்பிவலைத் தட்டுகளில் கிடக்கும் காய் பச்சை மாறாமல் உலரும். ஒருதடவை எங்கள் முதலாளியின் எஸ்டேட்டில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், அடுப்பு மூட்டச் சோம்பல்பட்டு இரண்டு கூடை காயை முற்றத்தில் வெயிலில் பரப்பிவிட்டான். முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கினார், பார்த்தார், "கெளம்பு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்பேர்ப்பட்ட முதலாளிக்கு ஒரு வருஷம் தீராத வயிற்றுவலி வந்தது. மதுரை டாக்டர்கள் கைவிரித்த பிறகு அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். மூன்று வருஷம் பூத வேஷம் போட்டு ஆடுவதாக. வலி போய்விட்டது. நேர்த்திக்கடன் பாக்கி நின்றது. ஊரில் பெரிய மனிதர், சபைகளில் முதல் நாற்காலி, அவர் தெருவில் குதித்து ஆடுவதா? மூஞ்சிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. கழுத்து வரைக்கும் மூடணும்" என்றார் முதலாளி.

"பெத்த தாயி வந்து பாத்தாலும் தெரியாது மொதலாளி" என்று மூஞ்சிக்காரர் வாக்குக் கொடுத்தார்.

அவர் அதற்குமுன் செய்த எதுவும் முகமே இல்லை என்று சொல்லும்படி அந்தப் பூதம் அமைந்தது. கருநீல நிறம், வாழைப்பூ மாதிரி மூக்கு, நெற்றியில் மூன்றாவது கண். முதன்முதலில் சாக்கை விலக்கிக் காட்டியபோது நான் இரண்டு அடி பின்னால் போய் மூட்டையில் மோதிக்கொண்டேன். "பூதத்தார் எப்புடி?" என்றார் கண்ணெல்லாம் சிரிப்பாக. மரியாதையில்லாமல் பேசினால் அதற்குக் கோபம் வருமாம்.

ரகசியம் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று பூதத்தாரை எங்கள் கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியிலேயே வைப்பதாக ஏற்பாடு. பொறுப்பு என் தலையில். தேவாரத்துக் கோயில் ஒன்றுக்கு வர்ணம் பூசக் கிளம்பிய மூஞ்சிக்காரர், போவதற்குமுன் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்.

"எண்ணெய் தொட்ட கையால தொடாத, ஊதிப்போகும். ஆணியில மாட்டாத, தொங்கிப்போகும். வைக்கோல் அடைச்சே வையி. தெனமும் பவுடர் போடு. வெயிலு மட்டும் ஒரு பொட்டு விழக் கூடாது, ஆமா."

"நீங்க உங்க சம்சாரத்தை இப்படிக் கவனிச்சிருந்தா கோவில் கட்டிக் கும்பிட்டிருக்கும் அண்ணே."

"அவ வெயில்ல நின்னா கறுக்க மட்டும்தான செய்வா" என்று ஒரு போடு போட்டார்.

கிட்டங்கிக் கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது. அதன் வழியாக விழும் வெயில் நாள் முழுக்க தரையில் ஊர்ந்து போகும். மனிதர் ஒரு நாள் பூராவும் அங்கேயே உட்கார்ந்து, வெயில் எந்த நேரத்துக்கு எங்கே வருகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வட்டம் போட்டுவிட்டார். "பத்து மணிக்கு இவர இங்குட்டு நகட்டு. பன்னெண்டுக்கு அங்குட்டு. மூணு மணிக்கு இந்த மூலை." புது ஓடு ஒன்று போட்டால் தீர்ந்தது என்று இருவருக்குமே தோன்றவில்லை. நானும் மூன்று வேளையும் பூதத்தாரை இடம் மாற்றி உட்காரவைத்து, பவுடர் போட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். "தம்பி, மெட்டுக்கு மேல எஸ்டேட்டுல காய் நெறையா நிக்குது. ஜீப்புல போயி லோடு ஏத்தி வெரசா கொண்டா" என்றார்.

நான் போனால் பூதத்தாரை நகர்த்துவது யார்? மூஞ்சிக்காரரோ தேவாரத்தில். வேறு ஒருவரிடம் சொல்ல ரகசியம் இடம் கொடுக்காது. சரி, கூடவே கொண்டுபோய்விடலாம், மலையில் குளிர்ச்சி, வெயிலும் குறைவு என்று முடிவு செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

அன்று பார்த்து மலையில் வானம் பளிச்சென்று இருந்தது. எஸ்டேட் வீட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் வெயில். சாக்கை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். வெயில் படாத இடம் என்றால் எங்கள் ஊர்க்காரன் மூளைக்கு ஒரே ஓர் இடம்தான் தோன்றும். நேராக ஸ்டோருக்குப் போனேன். அடுப்புக்காரப் பாண்டியிடம் சொல்லி, கடைசித் தட்டில், அரைகுறையாக உலர்ந்த காய்களின் மேலே பூதத்தாரைப் படுக்கவைத்தேன். என்ன இருட்டு! ஒரு பொட்டு வெயில் கிடையாது. பச்சை ஏலக்காய்க்கே ஒன்றும் ஆகாத அறை, இவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது? கதவைச் சாத்திவிட்டு லோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பாண்டி ராத்திரியும் மறுநாளும் அடுப்பை நன்றாக எரித்தான். சூடு என்று ஒன்று இருக்கிறதே, அது என் ஞாபகத்திலேயே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட எதிரி வெயில் மட்டும்தான்.

திருவிழாவன்று விடியற்காலையில் கதவைத் திறந்தேன். பூதத்தார் தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தார். தொட்டால் பிசின். "ஆத்தாடி!" என்று பாண்டி ஓடிப்போய், நான் தடுப்பதற்குள் ஒரு கை தேங்காய் எண்ணெயைத் தடவி இழுத்தான். வந்துவிட்டார். ஆனால் யார் வந்தது என்று அடையாளம் தெரியவில்லை. மூக்கு உருகி மேலுதட்டுக்கு மேல் தொங்குகிறது. எண்ணெய் பட்ட காதுகள் ஊதி அப்பளமாக விரிந்திருக்கின்றன. நெற்றி முழுக்கக் கம்பிவலைக் கட்டம். இரண்டு கன்னத்திலும் பத்துப் பதினைந்து ஏலக்காய் பதிந்துபோய்க் கிடக்கிறது. மூன்றாவது கண் பாதி மூடிவிட்டது.

 வீட்டில் அம்மா, தை மாதம் கல்யாணம் நிச்சயமான தங்கை. மூன்று பேருக்கும் என் ஒரு வேலைதான் சோறு. பதினெட்டு வருஷக்காரன் துண்டை உதறிய காட்சி கண்முன்னே ஓடியது. ஜீப்பு போடிமெட்டைக் கடந்து இறங்க இறங்க, ஒவ்வொரு வளைவிலும் முதலாளி "கெளம்பு" என்று சொல்வது காதில் கேட்டது.

கிட்டங்கிப் பின்வாசலில் மூஞ்சிக்காரர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முந்தின நாளே தேவாரத்திலிருந்து வந்துவிட்டாராம். கையில் குடை. நான் சாக்கை நீட்டினேன். பிரித்தார். ஊதிய காதைத் தொட்டுப் பார்த்தார்.

"வெயிலு பட்டுச்சா?" என்றார்.

"இல்லண்ணே. ஸ்டோர்ல... இருட்டுல..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். இருபத்திரண்டு வயசுத் தடியன், மூக்கு ஒழுக அழுதேன்.

அவர் திட்டவில்லை. உருகிய அந்த மூக்கை விரலால் ஒருதடவை தூக்கிப் பார்த்தார். அது மறுபடியும் தொங்கியது.  இரண்டு மாத உழைப்பு, அவர் வாழ்க்கையிலேயே சிறந்த முகம். அதற்குள் முதலாளி குளித்து மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக உள்ளே வந்துவிட்டார். வாசலில் மேளக்காரர்கள், மூட்டை தூக்குகிற ஆட்கள், பூதம் யார் என்று வெளியே சொல்வதில்லை என்று அன்று காலையில் முதலாளியிடம் சத்தியம் செய்தவர்கள், எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். முதலாளி பூதத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. பார்வை நேராக என்மேல் திரும்பியது.

"இது என்னா?"

 அப்போது மூஞ்சிக்காரர் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நாந்தான் மொதலாளி. நேத்து மத்தியானம் இன்னொரு கை வர்ணம் பூசினேன். காயட்டுமேன்னு வெயில்ல வச்சேன். அசந்துட்டேன்."

"நீயா? வெயில்லயா?"

"ஆமா. நாந்தான் வெயில்ல வச்சேன்."

 வாசலில் வெடித்தது சிரிப்பு. எந்த மனிதர் ஊரில் வெயிலோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டாரோ, அவரே வெயிலில் வைத்தாராம்! மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "நெத்தியில என்னய்யா கோடு?"

"பூதத்துக்கு வயசாச்சுல்ல மொதலாளி. சுருக்கம்."

"கன்னத்துல ஏலக்கா ஒட்டியிருக்கே?"

மூஞ்சிக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அது திருஷ்டிக்கு" என்றார்.

முதலாளி பல்லைக் கடித்தார். ஆனால் மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நேர்த்திக்கடன் நாளைத் தள்ளிப்போட முடியாது. "தொலையிது, மாட்டிவிடு" என்று தலையை நீட்டினார்.

வாசகர்களே, நான் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. முதலாளி இன்றைக்கு இல்லை. நடந்தது இதுதான் என்று முதன்முதலாக இந்தப் பக்கத்தில்தான் சொல்கிறேன்.

பூதம் தெருவில் இறங்கியது. பிள்ளைகள் அலறும் என்று எதிர்பார்த்தோம். யாரும் அலறவில்லை. அந்தத் தொங்கிய மூக்கும் அரைக்கண்ணும் சேர்ந்து, இப்போதுதான் யாரிடமோ திட்டு வாங்கி அழப்போகிற முகமாகப் பூதத்தை மாற்றிவிட்டன. "ஆத்தாடி, பாவம்! இந்தப் பூதத்துக்கு என்ன கஷ்டமோ" என்று ஒரு அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி விசிறினாள். அதட்டியே பழக்கப்பட்ட முதலாளியிடம் அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட இப்படிப் பேசியதில்லை. பூதம் மோரை வாங்கிக் குடித்துவிட்டு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டது.

இன்னொன்று. பூதம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அதற்குமுன் ஏலக்காய் வாசம் நுழைந்தது. ஒன்றரை நாள் ஸ்டோரில் ஊறியவர் அல்லவா? "அம்மா, பூதம் ஏலக்கா வாசம் அடிக்குது, இது நம்ம..." என்று ஆரம்பித்த ஒரு பிள்ளையின் வாயை அதன் தாய் பொத்தினாள். ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. "வெளியூருப் பூதம் போலருக்கு" என்று பெரியவர்கள் முதலாளியின் காதில் விழும்படி சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரை நான் அன்றைக்குப் போல் என்றும் நேசித்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் மூஞ்சிக்காரர், உருகிப்போன அந்த முகத்துக்கு, கோயில் வரை இம்மி பிசகாமல் குடை பிடித்துக்கொண்டே வந்தார். போகிற வழியெல்லாம் கேலி. "என்ன மூஞ்சிக்காரரே, வெயில்ல வச்சீகளாமே!" சேட்டன்கூட டீக்கடையை விட்டு வந்து, "எந்தா, நீங்களுமா?" என்றார், நிஜமான வருத்தத்தோடு. எல்லோருக்கும் ஒரு சிரிப்பு சிரித்துவைத்தார்.

ஆட்டம் முடிந்து, கிட்டங்கியில் முகத்தைக் கழற்றியபோது முதலாளியின் மீசையில் பாதி அதோடு போய்விட்டது. அதைப்பற்றி அவர் கவலைப்படவே இல்லை. "யாருக்கும் தெரியலல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியல மொதலாளி."

"அடுத்த வருசமும் இதே மூக்கு வேணும்யா" என்றார் மூஞ்சிக்காரரிடம். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா இனிமேப்பட்டு வெயில்ல மட்டும் வச்சுறாத."

"வைக்கமாட்டேன் மொதலாளி" என்றார் மூஞ்சிக்காரர், குற்றவாளிபோலக் கையைக் கட்டிக்கொண்டு.

அந்த வார்த்தை என்னைச் சுட்ட சூடு ஸ்டோரில்கூடக் கிடையாது. நானும் அவரோடு கிளம்பினேன். மூன்று மணி வெயில் தெருவில் கொதித்தது. பூதத்தாரை ஈரச் சாக்கில் சுற்றி இடது கையில் அணைத்துக்கொண்டார், வலது கையில் குடையை விரித்தார். தலையில் வேர்வை ஓடியது.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? ஊரே சிரிக்குதே" என்றேன்.

"சிரிச்சுட்டுப் போகட்டுமே. ரப்பர் போனா மலையேறிப் பால் கொண்டாந்துறலாம். ஒனக்குச் சோலி போனா ஒங்கம்மா எங்குட்டுப் போயி நிக்கும்?"

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகும் பல வருஷம் ஊர் அவரைக் கேலி செய்தது. நான் பக்கத்தில் இருக்கும்போது யாராவது கேட்டால், "ஆமப்பா, வச்சுட்டேன்" என்பார், என் பக்கம் திரும்பாமலே.

அன்றைக்கு அவர் கையிலிருந்து குடையைப் பிடுங்கினேன். சாக்குக்கு மேலே இருந்த நிழலை ஒரு முழம் நகர்த்தி அவர் தலைக்கு மேல் பிடித்தேன். மனிதர் பதறிப்போனார்.

"எனக்கு எதுக்குடா? நான் என்ன ரப்பரா?"

"பேசாம வாங்கண்ணே."

வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆனால் அந்த நிழலை விட்டு ஓர் அடிகூட விலகாமல் நடந்தார்.